வீடு கட்டி முடிந்த பிறகு

இது கொஞ்சம் நீளமான பதிவு. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் வாசிக்க வேண்டாம். ஏன் என்பது கீழே வரும்.

எங்கட ஊரில் ஒரு பெண்பிள்ளை பிறந்தால் வாப்பாவின் மனசில் முதலில் ஓடுவது கல்லும் சீமெந்தும்தான். நகை, உடுப்பு எல்லாம் பிறகு. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, அந்தப் பக்கம் கல்முனை, அக்கரைப்பற்று வரைக்கும் இதே கதைதான். வீடு மகளுக்கு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். கண்டி, கொழும்புப் பக்கத்து உறவுகளுக்கு இது புதினமாக இருக்கும். எங்களுக்கு இது தாய்வழிக் குடி முறையோடு வந்த பழக்கம். வாவிக் கரையில் இருக்கிற தமிழ் ஊர்களிலும் இப்படித்தான்.

இதில் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. பெண்ணுக்குத் தலைக்கு மேல் சொந்தக் கூரை. நாளைக்கு எது நடந்தாலும் அவளை யாரும் வெளியே போ என்று சொல்ல ஏலாது. ஆனால் அந்தக் கூரைக்குக் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். வாப்பா கட்டாரில் பத்து வருஷம். அவர் திரும்பி வர, காக்கா போவார். ராத்தாவின் வீடு முடியும்வரை காக்காவுக்குக் கல்யாணம் இல்லை. காத்தான்குடியில் காணிக்கு இருக்கிற தட்டுப்பாடு உங்களுக்குத் தெரியும். கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் கையகல ஊர். மூத்தம்மாவின் ஒரே வளவு உம்மாவின் காலத்தில் மூன்றானது, எங்கட காலத்தில் இன்னும் துண்டானது, இப்போது மாடிக்கு மேல் மாடி. என் குசினி ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். கையை நீட்டினால் தொடலாம்.

சுவர்கள் அவ்வளவு கிட்ட இருப்பதால் எல்லோருக்கும் தெரிந்த விடயம் ஒன்று உண்டு, யாரும் எழுதுவதில்லை. இலட்சக் கணக்கில் செலவழித்து, டைல் பதித்து, சீலிங் அடித்து, குடிபுகும்போது மௌலவியைக் கூப்பிட்டு துஆ ஓதிய வீடுகளிலிருந்து இரவில் என்ன சத்தம் வருகிறது என்பதுதான் அது.

நான் தரம் 7 பிள்ளைகளுக்குத் தமிழும் இஸ்லாமும் படிப்பிக்கிறேன். "எனது வீடு" என்று கட்டுரை எழுதச் சொன்னேன். பழைய தலைப்புதான், எல்லாக் கொப்பியிலும் ஒரே மாதிரி வரும். முன்னால் ரோசாச்செடி, பின்னால் மாமரம். ஒரு பிள்ளை மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தது. வீட்டில் தனக்குப் பிடித்த இடம் தண்ணித் தாங்கி இருக்கிற மேல்மாடியாம். மோட்டர் போட்டால் தாங்கிக்குத் தண்ணி விழுகிற சத்தத்தில் கீழே பேசுவது கேட்காதாம். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. நான் சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டேன்.

அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு மாஸ்லோவின் முக்கோணத்தைப் படிப்பித்தார்கள். உணவு, பிறகு பாதுகாப்பு, அதற்கு மேல்தான் மற்றவை. பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். வகுப்பறைக்குள் வந்த பிறகுதான் அதற்கு முகம் கிடைத்தது. திங்கட்கிழமை காலையில் எந்த வீட்டில் சண்டை நடந்தது என்று சொல்வதற்கு எந்த ஆசிரியருக்கும் யாரும் தகவல் தரத் தேவையில்லை.

அதே வாரம் இஸ்லாம் பாடத்தில் மூஸா நபி (அலை) அவர்களின் வரலாறு. அதற்கு ஆயத்தம் செய்யும்போது சூரா யூனுஸின் 87ஆவது வசனத்தில் நின்றுவிட்டேன். எத்தனையோ தடவை ஓதிய வசனம்தான். மூஸா நபிக்கும் அவருடைய சகோதரர் ஹாரூன் நபிக்கும் அல்லாஹ் அறிவிக்கிறான்: உங்கள் சமூகத்தாருக்கு எகிப்தில் வீடுகளை அமைத்துக் கொடுங்கள், அந்த வீடுகளையே கிப்லாவாக ஆக்கித் தொழுகையை நிலைநாட்டுங்கள் என்ற கருத்தில். வெளியே ஃபிர்அவ்ன். பகிரங்கமாகத் தொழப் பயம். அதனால் வீடே வணக்கத்தலமாக வேண்டியிருந்தது என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள்.

எங்களுக்கு இது விளங்காத விடயமா? 2020 மார்ச்சில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது என்ன செய்தோம்? அந்த வருஷ நோன்பு முழுக்க வீட்டு ஹோலில் பாய் விரித்துத் தராவீஹ். அதுவரை மகனுக்கு ஒரு பக்கம் ஓதிக் காட்டாத வாப்பாமார் இமாமாக நின்றார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தொழுவிக்க, மூத்தவாப்பா கதிரையில் இருந்து பின்னால் தொழுதார். நோய் போனது, பள்ளிகள் திறந்தன, அல்ஹம்துலில்லாஹ். ஹோலில் விரித்த பாயைச் சுருட்டி வைத்தோம். பிறகு அந்த இடத்துக்குப் பெரிய டீவி வந்தது.

இப்போது கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். அந்த வசனத்தில் வரும் வீடுகள் யாருடைய வீடுகள்? பனூ இஸ்ராயீலுடையவை. அவர்களின் வழித்தோன்றல்கள் அதற்குப் பிறகு வீட்டை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்று அறிய எனக்கு ஆசை வந்தது.

சிலருக்கு இந்த இடத்திலேயே கோபம் வரும் என்று தெரியும். காஸாவில் வீடுகள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும்போது யூத வீட்டைப் பற்றி என்ன எழுத்து என்று கேட்பீர்கள். அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. வீடு இழப்பது என்றால் என்னவென்று எங்களுக்கு வெளியூரார் சொல்லித் தரத் தேவையில்லை. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இஷா தொழுகையில் காத்தான்குடிப் பள்ளிகளில் நடந்ததும், அடுத்த வாரமே ஏறாவூரில் தூக்கத்தில் இருந்தவர்களுக்கு வீடு வாசலிலேயே நடந்ததும் இன்னும் எங்கட உம்மாமாரின் கண்ணில் இருக்கிறது. ஆனால் 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நடந்ததையும் யோசியுங்கள். எங்கட ஊர்க்காரன் ஒருவன் செய்த பாவத்துக்கு ஊரையே பார்த்தார்கள். ஒவ்வொரு வீட்டையும் சோதித்தார்கள். பஸ்ஸில் ஊர்ப் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டோம். அப்போது நாங்கள் உலகத்திடம் கேட்டது ஒன்றுதான்: எல்லோரையும் ஒரே தராசில் போடாதீர்கள். வேதக்காரர்கள் எல்லோரும் சமமானவர்கள் அல்லர் என்று ஆல இம்ரானில் (113) அல்லாஹ்வே சொல்லியிருக்கிறான். எங்கட உம்முல் முஃமினீன்களில் ஒருவரான ஸஃபிய்யா (ரழி) அவர்கள் யூதக் குலத்தில் பிறந்தவர்கள். அதைச் சொல்லிக் குத்திக் காட்டியபோது, உன் தகப்பன் ஹாரூன் நபி, உன் சாச்சா மூஸா நபி என்று நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் சொன்ன செய்தி திர்மிதியில் இருக்கிறது.

ஆகவே தொலைவுக்குப் போகாமல், எங்களுக்குக் கிட்டத்தில் இருந்த யூத வீடுகளைப் பார்ப்போம். கேரளாவின் கொச்சி.

மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதத் தொழுகைத்தலம் இன்னும் நிற்கிறது. உள்ளே போகும்போது எங்களைப் போலவே செருப்பைக் கழற்ற வேண்டும். தரையில் நீலப் பூப்போட்ட சீனத்து ஓடுகள். அதைச் சுற்றியிருந்த தெருவில்தான் அவர்களின் வீடுகள். 1950களில் கேரளத்து யூதர்களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அதுவரை அந்த வீடுகளில் வெள்ளிக்கிழமை பின்னேரம் என்றால் ஓட்டமும் நடையும்தான். சூரியன் மறைவதற்கு முன் சமையல் முடிய வேண்டும், குளித்து முடிய வேண்டும். மறைந்த பிறகு நெருப்பு மூட்டக் கூடாது, வியாபாரம் கூடாது, காசைத் தொடக் கூடாது. அவர்களுக்கும் எங்களைப் போல நாள் தொடங்குவது மஃரிபோடுதான். எங்களுக்கு வியாழன் மஃரிபோடு வெள்ளி பிறப்பது போல, அவர்களுக்கு வெள்ளி மஃரிபோடு சனி பிறக்கும். அதுதான் சப்பாத்.

வீட்டுப் பெண் விளக்கேற்றுவாள். மேசையில் இரண்டு ரொட்டி, மேலே பூ வேலை செய்த துணி. ஓதலுக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்துதான் சாப்பாடு. கொச்சியில் உலர்ந்த திராட்சையை ஊறவைத்து எடுத்த ரசத்தில்தான் அந்த இரவின் ஓதலைச் சொல்வார்களாம். பெண்கள் கொப்பிகளில் எழுதி வைத்த மலையாளப் பாட்டுகளை விசேஷங்களில் சேர்ந்து படிப்பார்கள். அடுத்த நாள் இரவு நட்சத்திரம் தெரியும்வரை, ஏறத்தாழ 25 மணித்தியாலம் வீட்டில் வேறு வேலை இல்லை.

அவர்கள் இந்த வீட்டு அமைதிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஷாலோம் பயித். வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஸலாம், பைத். இரண்டும் எங்கட சொற்கள்தான். எங்களுக்கு ஸகீனா, அவர்களுக்கு ஷெகீனா. அதுவும் ஒரே வேரில் வந்தது. கணவனும் மனைவியும் தகுதியோடு நடந்தால் அவர்களுக்கிடையில் ஷெகீனா தங்கும் என்பது அவர்களின் அறிஞர்கள் சொன்னது. மனைவியிடம் அமைதி பெறுவதைப் பற்றி சூரா ரூமில் (21) நாங்கள் கல்யாண அழைப்பிதழ்களில் அச்சடிப்பதும் அதே வேர்ச்சொல்தான். அச்சடிப்பதோடு சரி.

அவர்களின் சட்டத்தில் ஒரு மஸ்அலா இருக்கிறது. ஒரு ஏழையிடம் ஒரே ஒரு விளக்குக்கு மட்டும் காசு இருக்கிறது. அன்று ஹனுக்கா என்ற பெருநாளும் வெள்ளி இரவும் சேர்ந்து வருகின்றன. பெருநாள் விளக்கு அற்புதத்தை ஊருக்கு அறிவிப்பதற்காக ஏற்றுவது. சப்பாத் விளக்கு வீட்டாருக்கு வெளிச்சம் தருவது. எதை ஏற்றுவான்? வீட்டு விளக்கைத்தான் என்கிறது தல்மூத். காரணம், வீட்டின் சமாதானம். இருட்டில் ஒருவரில் ஒருவர் முட்டிக்கொண்டு இருந்தால் அமைதி எங்கே இருக்கும்? ஊருக்குக் காட்டும் விளக்கைவிட உள்ளே எரியும் விளக்கு முக்கியம் என்று சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முந்திய இரவு வீட்டுக்கு வெளியே எத்தனை மீட்டருக்கு லைட் கட்டுகிறோம் என்று நினைத்துப் பார்த்தேன்.

கொச்சி யூத வீடுகளின் கதையில் என் மனசைத் தொட்டவர் சாரா கோஹன். யூதத் தெருவில் பூத்தையல் கடை வைத்திருந்தவர். தலைத் தொப்பியும், சப்பாத் ரொட்டியை மூடும் துணியும் கையால் தைத்து விற்றார். அவருக்கும் கணவர் ஜேக்கப்புக்கும் பிள்ளைகள் இல்லை. அந்தத் தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்குச் சாமான் விற்றுத் திரிந்த தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம் பையன் தன் பொருட்களை வைக்க இடம் கேட்டு அந்த வீட்டுக்குப் போனவன். அப்படியே வீட்டுப் பிள்ளையாகிவிட்டான். 1999இல் ஜேக்கப் மௌத்தாகும் முன் மனைவியைப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னது தாஹாவிடம்தான். தாஹா அந்தத் தையலைப் பழகினார், கடையை நடத்தினார், கடைசிவரை பார்த்துக்கொண்டார். 2019 ஆகஸ்டில் சாரா தன் 96ஆவது வயதில் இறந்தார். அதன் பிறகும் சப்பாத்துக்குக் கடையைப் பூட்டுவதைத் தாஹா விடவில்லை. ஜும்ஆத் தொழுகிற ஒரு மனிதர், தனக்குக் கடமையில்லாத ஒரு ஓய்வை, இறந்துபோன ஒரு தாய்க்காகக் காப்பாற்றுகிறார். 2019 ஆகஸ்ட் என்றால் நாங்கள் காத்தான்குடியில் எந்த நிலையில் இருந்தோம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதத்தில் கொச்சியில் இப்படியும் ஒன்று நடந்துகொண்டிருந்தது.

சரி, எங்கட வீடுகளுக்கு வருவோம்.

மூத்தம்மா காலத்தில் மஃரிப் என்றால் ஒரு ஒழுங்கு இருந்தது. பாங்குக்கு முன் முற்றம் கூட்டியாக வேண்டும். பிள்ளைகள் கால் கழுவி உள்ளே வந்தாக வேண்டும். லாம்பு ஏற்றியதும் ஒருவரும் குரல் உயர்த்த மாட்டார்கள். கடன்காரன்கூட அந்த நேரம் படலைக்கு வரமாட்டான் என்பார்கள். வெள்ளி இரவில் யாசீன், சாம்பிராணிப் புகை. (சாம்பிராணி பித்அத்தா இல்லையா என்று கமெண்டில் சண்டை தொடங்க வேண்டாம், தயவுசெய்து. நான் சொல்வது அந்த நேரத்தைப் பற்றி.) அப்போது வீடு ஓலை. சுவர் களிமண். சத்தம் போடாத அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் எல்லா வீட்டிலும் இருந்தது. அமைதி என்பது எல்லா வேலையும் முடிந்த பிறகு மிச்சமாக வருவதில்லை, அதற்கு நேரம் குறித்து மற்றதையெல்லாம் அதற்கு முன் முடிக்க வேண்டும் என்று எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனுஷிக்குத் தெரிந்திருந்தது. கொச்சிக்காரிக்கும் தெரிந்திருந்தது.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வீட்டு அமைதி என்று சொன்னதும் எங்கட ஆட்கள் பெண் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். "நீங்க கொஞ்சம் பொறுத்துப் போங்க புள்ள." பயானிலும் பொறுமை எங்களுக்குத்தான், பள்ளிவாசல் இணக்க சபையிலும் எங்களுக்குத்தான். அடி வாங்கிக்கொண்டு வாய் மூடியிருப்பதற்குப் பெயர் ஸகீனா இல்லை. யூதப் பெண்களும் இதையே கேட்டிருக்கிறார்கள். ஷாலோம் பயித் என்ற பெயரைச் சொல்லி, துன்புறுத்துகிற புருஷனோடு வாழச் சொல்லி அனுப்புகிறீர்களே என்று தங்கள் சமூகத்திடம் கேட்டிருக்கிறார்கள். நல்ல சொல்லைக் கொண்டும் ஒருத்தியின் வாயை அடைக்கலாம். உங்கள் சுவருக்கு அப்பால் அடிக்கிற சத்தம் கேட்டால் அது அவர்களின் குடும்ப விடயம் என்று ஜன்னலைச் சாத்தாதீர்கள்.

ஆண்கள் பக்கமும் ஒரு விடயம் இருக்கிறது, அதை அவர்கள் வெளியே சொல்வதில்லை. எங்கட முறையில் மாப்பிள்ளை மாமியார் வீட்டில் இருக்கிறார். உரத்துச் சிரிக்கவும் கூச்சம், உரத்துப் பேசவும் கூச்சம். வருஷக் கணக்கில் விருந்தாளி. சாப்பாட்டு மேசையில் பெரிய மீன் துண்டு அவருக்குத்தான் வரும், ஆனால் டீவியை எந்தப் பக்கம் வைப்பது என்று அவரிடம் கேட்க மாட்டார்கள். பிறகு அவர் சந்தியில் போய் இரவு பத்து மணிவரை இருக்கிறார் என்று குறை சொல்கிறோம். அந்த வீட்டில் அவர் இமாமாக நிற்கவும், பிள்ளைக்கு ஓதிக் கொடுக்கவும், குசினிக்குள் வந்து தேத்தண்ணி ஊற்றவும் இடம் இருந்தால் கதை வேறு மாதிரிப் போகும் என்று நினைக்கிறேன். 2020 நோன்பில் அப்படித்தான் போனது.

எங்கட வீட்டில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். தினமும் ஏலாது. என் கணவருக்குக் கடை. மஃரிப் நேரம்தான் வியாபாரம். வியாழன் மட்டும் மஃரிபிலிருந்து இஷா வரை என்று கேட்டேன். வெள்ளி கடை பூட்டு என்பதால் வியாழன் பின்னேரம்தான் சனம் கூட வரும். "அந்த ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு போகும் தெரியுமா உங்களுக்கு?" என்றார். கொச்சியில் 25 மணித்தியாலம் பூட்டினார்கள் என்றேன். அவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள்தானே என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அடுத்த வியாழன் கடைப் பையனை வைத்துவிட்டுப் பள்ளியிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தார்.

பெரிதாக ஒன்றும் இல்லை. வரும்போது எல்லோரும் ஸலாம் சொல்லித்தான் உள்ளே வர வேண்டும், அது சூரா நூரில் (61) உள்ளதுதான். பிறகு பிள்ளைகளோடு கஹ்ஃபில் கொஞ்சம் ஓதுவோம். இறால் வடையோ கடலையோ இருக்கும். அந்த நேரத்தில் கடன் பேச்சு, பரீட்சைப் புள்ளிப் பேச்சு, அடுத்த வீட்டுப் பேச்சு மூன்றும் இல்லை. மூன்றையும் எடுத்துவிட்டால் பேச என்ன இருக்கிறது என்று முதல் வாரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். இரண்டாவது வாரம் இவர் சின்ன வயதில் ஆற்றில் தூண்டில் போட்ட கதையைச் சொன்னார். கல்யாணம் முடித்துப் பதினொரு வருஷம், அந்தக் கதையை நானும் அன்றுதான் கேட்டேன். கட்டாரிலிருந்து தம்பி சரியாக அந்த நேரம் பார்த்துக் கோல் எடுப்பான். இஷாவுக்குப் பிறகு எடு என்று சொல்லியிருக்கிறேன். அவன் இன்னும் கோபத்தில்தான் இருக்கிறான்.

போன்களைப் போடுவதற்கு ஒரு பன்பெட்டி வாங்கி வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். முதலில் என்னுடையது, பிறகு அவருடையது, பிறகு முனகிக்கொண்டு மகனுடைய டெப். போன வியாழன் பார்த்தால் உம்மா, கேட்காமலே, தன்னுடைய பழைய பட்டன் போனையும் கொண்டுவந்து அதற்குள் வைத்துவிட்டு வந்து பாயில் இருந்தார். "எனக்கு யாரும் எடுக்கிறல்லதான்," என்றார், "எண்டாலும் எல்லாரும் போடுறீங்கதானே."